சோழர் படையை இந்தப் பழைய பெட்டி தாங்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பையன் வியாசர்பாடியிலிருந்து வந்தான். கையில் பெரிய கட்டைப்பை. உள்ளே வீட்டுக் கம்ப்யூட்டரின் சிபியு. தண்டையார்பேட்டையில் என் சர்வீஸ் மேசைமேல் அதை வைத்துவிட்டு, "மாமா, சிவிலைசேஷன் 7 இதுல ஓடுமா, ஓடாதா? ஓடும்னா வாங்கறேன். ஓடாதுன்னா என்ன செய்யணும்னு சொல்லு மாமா" என்றான். விடுமுறையில் துணிக்கடையில் நின்று சேர்த்த காசு அவனுடையது. அந்தக் காசுக்கு நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது.

ஒரு நாட்டை எடுத்து, முறை வைத்து ஆடி, பேரரசாக வளர்க்கும் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை அவன் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 11 அன்று வெளிவந்த இந்த ஏழாம் பதிப்பில் சோழர்கள் ஒரு நாகரிகமாக வருகிறார்கள். 2016-ல் வந்த ஆறாம் பதிப்பில் இந்தியா இருந்தது, சோழர் இல்லை. இதில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டலாம். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு கட்டடங்களை ஒரே இடத்தில் சேர்த்தால் ஐந்நூற்றுவர் பெயரில் ஒரு பேட்டை உருவாகும். எல்லாம் கல்வெட்டில் இருக்கிற வணிகக் குழுப் பெயர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு, கடல் கடந்து வணிகம் செய்த சோழனாக விளையாட ஆசை வராமல் இருக்குமா? கேட்டதும் எனக்கே வந்தது.

சரி, பெட்டிக்கு வருவோம். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடி ஓய்ந்து, செகண்ட் ஹேண்டில் வீட்டுக்கு வந்த ஸ்லிம் கேபினெட் அது. கோர் ஐ5-6500 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், திரைக்குப் படம் வரையும் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. வடசென்னையில் பாதி வீடுகளில் இருப்பது இந்த மாதிரிப் பெட்டிதான். அதனால் இந்தக் கணக்கு அவன் ஒருவனுக்கு மட்டும் உரியதல்ல.

விளையாட்டு கேட்கும் குறைந்தபட்சம் இது: இன்டெல் கோர் ஐ3-10100 அல்லது ஏஎம்டி ரைசன் 3 1200, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 அல்லது ஆர்எக்ஸ் 460 கார்டு, 20 ஜிபி இடம். இது இருந்தால் 1080பி திரையில், படத் தர அமைப்பு எல்லாவற்றையும் லோ-வில் வைத்து, வினாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், கிடைக்கும் என்கிறார்கள். 'பரிந்துரை' என்ற அடுத்த படியில் ஐ5-10400 அல்லது ரைசன் 5 3600எக்ஸ், 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 2060 கார்டு, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி. அங்கே மீடியம் அமைப்பில் 60 ஃப்ரேம்.

பையன் இதை முன்பே பார்த்துவிட்டான். "ஐ3 கேக்கறான், நம்மகிட்ட ஐ5 இருக்கு, அதுல பாஸ்தானே?" என்று கேட்டான். கடையில் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஐ3, ஐ5 என்பது ஒரே வருடத்துச் சிப்புகளுக்குள் இருக்கும் அந்தஸ்து மட்டும். கோடுக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் தலைமுறை இருக்கிறது. 6500 என்றால் ஆறாம் தலைமுறை, 2015-ல் வந்தது. 10100 என்றால் பத்தாம் தலைமுறை, 2020-ல் வந்தது. ஐ5-6500-ல் நான்கு கோர் (சிப்புக்குள் இருக்கும் மூளைகள்), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் பார்க்கும் வேலைகள்), உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஐ3-10100-ல் அதே நான்கு கோருக்கு எட்டு த்ரெட், உச்ச வேகம் 4.3. ஆக, இவனுடைய ஐ5 அந்த ஐ3-யிடம் தோற்றுப்போகிறது.

ஆனால் பக்கத்தில் இருக்கும் ஏஎம்டி பெயரையும் பாருங்கள். ரைசன் 3 1200-க்கு நான்கு கோர், நான்கு த்ரெட், வேகம் 3.1 முதல் 3.4 வரைதான். இவனுடைய சிப் அதற்குச் சளைத்ததில்லை. குறைந்தபட்சம் என்று போட்டிருக்கும் இரண்டு ப்ராசஸர்களும் சமமானவை அல்ல. அதில் பலவீனமானது எதுவோ அதுதான் உண்மையான வாசற்படி. அந்தப் படியில் இவன் கால் வைத்திருக்கிறான். இன்டெல் வரியை மட்டும் படித்துவிட்டுப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கார்டில்தான் தோல்வி. சிப்புக்குள்ளேயே இருக்கும் எச்டி 530 கிராஃபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் ரேமிலிருந்து கடன் வாங்கி ஓடுவது. ஜிடிஎக்ஸ் 1050-க்குப் பக்கத்தில்கூட அது வராது. அதாவது, இருக்கிற நிலையில் வாங்கிப் போடுவது என்ற முதல் வழி இவனுக்கு மூடிவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ப்ராசஸரின் முழுப் பெயர், ரேம் அளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, கார்டுக்குத் தனி மெமரி உண்டா, எல்லாம் இருக்கும். அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் அங்கே ரேம் வரியை மட்டும் பார்த்தால் போதும். 8 இல்லையென்றால் நேராகக் கீழே நான் சொல்லும் கிளவுட், பழைய விளையாட்டு வழிகளுக்குப் போய்விடுங்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். துப்பாக்கி விளையாட்டுக்கும் இதற்கும் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலை வேறு. துப்பாக்கி விளையாட்டில் படம் ஒரு நொடி இழுத்தால் செத்தோம். இங்கே நாம் யோசித்து, காய் நகர்த்தி, 'அடுத்த டர்ன்' என்று அழுத்துகிறோம். படம் 30 ஃப்ரேமில் வந்தால் என்ன, 60-ல் வந்தால் என்ன, நகரம் அங்கேயேதான் நிற்கப்போகிறது. ஆனால் நாம் பட்டனை அழுத்திய பிறகு மற்ற ராஜாக்கள் எல்லாரும் தங்கள் முறையை ஆட வேண்டும். யார் மேல் படையெடுப்பது, எங்கே ஊர் வைப்பது என்று ஒவ்வொருவருக்கும் ப்ராசஸர்தான் யோசிக்கிறது. முதல் டர்னில் ஆளுக்கொரு ஊர். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். நூறு டர்ன் தாண்டி உலகம் முழுக்க ஊரும் படையும் நிரம்பிய பிறகு அதே பட்டன் காக்க வைக்கும். ரேமும் அப்போதுதான் நிரம்பும். தொடக்கத்தில் சும்மா பறந்த விளையாட்டு மூன்றாவது நாள் இரவில் உயிரை வாங்குவது இதனால்தான்.

அதனால் செலவு செய்ய நான் சொல்லும் வரிசை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். கார்டு என்பது உள்ளே நுழைய டிக்கெட். இருப்பதிலேயே சிறிய, தகுதியான டிக்கெட்டை வாங்கினால் போதும். மிச்சக் காசு ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போகட்டும்.

எந்தக் கார்டு என்று வரும்போது ஸ்லிம் கேபினெட் தன் குணத்தைக் காட்டும். பையனின் பெட்டியைத் திறந்து, உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேலிருந்த ஸ்டிக்கரைத் துடைத்துக் காட்டினேன்: 240 வாட்ஸ். கணக்கு போடச் சொன்னேன். ப்ராசஸருக்கு 65. போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 40 என்று வைத்துக்கொள்வோம். மீதி 135. கார்டு செருகும் ஸ்லாட் தன் வழியாக 75 வாட்ஸ்தான் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுகளுக்குத் தனி வயர் வேண்டும். இந்த மாதிரி அலுவலகப் பெட்டியின் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயரே கிடையாது. வெளியில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் இதன் கேபினெட்டுக்குள் உட்காராது, போர்டில் செருகும் பின்னும் வேறாக இருக்கும். ஆகவே 75 வாட்ஸுக்குள் அடங்குகிற, வயர் கேட்காத, பாதி உயரக் கார்டு ஒன்றுதான் இதற்குப் பொருந்தும்.

அப்படி வடிகட்டினால் கையில் நிற்பவை சிலதான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, ஆர்எக்ஸ் 6400 4 ஜிபி, புதிதாக வாங்குவதென்றால் ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை. கடைசியாகச் சொன்னது 70 வாட்ஸில் ஓடுகிறது, நால்வரில் கெட்டிக்காரனும் அதுதான். ஆனால் ஐ5-6500-க்கு அதை வாங்கிப் போடுவது மீன்பாடி வண்டியில் லாரி எஞ்சினை ஏற்றுவது போல. ஆர்எக்ஸ் 6400-ல் ஒரு சிக்கல்: அது நான்கே லேன் (தகவல் போகும் பாதை) வழியாகப் போர்டோடு பேசும். பழைய பிசிஐ 3.0 போர்டில் அந்த வழி இன்னும் குறுகிவிடுவதால் கொஞ்சம் வேகம் போய்விடும். 1650-ல் வயர் கேட்கும் மாடலும் உண்டு, கேட்காத மாடலும் உண்டு. கார்டின் ஓரத்தில் ஆறு பின் சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இதையெல்லாம் வைத்து நான் தேர்ந்தெடுத்தது செகண்ட் ஹேண்டில் ஒரு பாதி உயர 1650.

செகண்ட் ஹேண்ட் என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் 1050 டிஐ என்று எனக்கு ஒரு கார்டு விற்றார்கள். பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் சரியாக இருந்தது. விண்டோஸும் 1050 டிஐ என்றே பெயர் காட்டியது. ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை ஓட்டியபோது பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வந்தது. 2010 வாக்கில் வந்த பழைய சிப்புக்குப் புதிய பெயரை எழுதி விற்றிருந்தார்கள். அந்தக் கார்டை ஒரு வாடிக்கையாளருக்காக வாங்கியிருந்தேன். அவருக்கு என் கையிலிருந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் எனக்குத் தரவில்லை. அன்றிலிருந்து ஜிபியு-இசட் ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கார்டுக்கும் நான் காசு கொடுப்பதில்லை. நீங்களும் பென் டிரைவில் அதைப் போட்டுக்கொண்டு போங்கள். ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் நிற்காதீர்கள்.

ரேமுக்கு வருவோம். பையனின் பெட்டியில் 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தது. பக்கத்து ஸ்லாட் காலி. இன்னொரு 8 போட்டால் 16 ஆகிறது, பரிந்துரைப் படியை இந்த ஒரு விஷயத்திலாவது தொட்டுவிடுகிறோம். இரண்டு குச்சி என்றால் ப்ராசஸர் ஒரே நேரத்தில் இரண்டு வழியாக எடுத்துக்கொள்ளும், அதிலும் லாபம். இந்தத் தலைமுறைப் போர்டு டிடிஆர்4 ரேமை 2133 வேகத்தில்தான் ஓட்டும். 3200 என்று எழுதிய புதுக் குச்சிக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் அது இங்கே 2133-லேயே நடக்கும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது, அதனால் நல்ல பழைய 2133 அல்லது 2400 குச்சியைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நடந்து மூன்று கடையில் கேட்டுவிட்டு நாலாவது கடையில் வாங்குங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து வண்டி மாறாமல் போய்விடலாம்.

காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோர வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் இன்னொன்றையும் பார்க்கிறேன். ரேம் குச்சியின் பொன்னிறப் பற்களில் உப்புக் காற்றால் ஒரு மங்கல் படிந்திருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும், திரை வராது. அல்லது 16 ஜிபி போட்டும் 8 என்று காட்டும். குச்சியைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்துத் திரும்பச் செருகினால் பாதி கேஸ் சரியாகிவிடும். ரேம் செத்துவிட்டது என்று புதிதாக வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், அஞ்சு ரூபாய் ரப்பர்தான் செலவு.

பையனின் பெட்டியில் உப்பு இல்லை, தூசி இருந்தது. ப்ராசஸர் ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கறுப்புப் பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருந்தது. லாரி போகும் சாலையை ஒட்டிய வீடு. சிப்பின் சூடு 100 டிகிரியை நெருங்கினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். 3.6 கிகாஹெர்ட்ஸ் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, உள்ளே அது நொண்டிக்கொண்டிருக்கும். ப்ளோயரால் ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைச் சுரண்டிப் புதிது தடவினேன். ஏற்கனவே வாசற்படியில் நிற்கும் ப்ராசஸருக்கு இது பெரிய உதவி, மே மாதத்தில் இன்னும் பெரிய உதவி.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. போடுங்கள். 20 ஜிபி விளையாட்டுக்கும் விண்டோஸுக்கும் 256 ஜிபி போதும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமல் படங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா போனில், "இவ்வளவு பழசுல காசு போடறதுக்குப் புதுசா லேப்டாப் வாங்கிடலாமேடா தம்பி" என்றாள். நியாயமான கேள்வி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஆறாம் தலைமுறைச் சிப் கிடையாது. இந்தப் பெட்டிக்கு ஆயுசு குறைவு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டைப் பரிந்துரைப் படியில் ஓட்டுகிற லேப்டாப் என்றால், நான் சொன்ன மூன்று பொருளையும் சேர்த்த செலவைப்போல அது பல மடங்கு ஆகும். மாதத் தவணை ஏறும். கல்லூரியில் என்ன படிப்பு கிடைக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு அதற்கேற்ற லேப்டாப் வாங்குவதுதான் சரி. எஸ்எஸ்டியும் கார்டும் நாளைக்கு வேறு டெஸ்க்டாப்புக்கு மாறிக்கொள்ளும். அது வீண் போகாத காசு.

கிளவுடையும் யோசித்தோம். விளையாட்டு எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஓடும், நம் திரைக்குப் படம் மட்டும் வரும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் 1080பி, 60 ஃப்ரேமுக்கு 25 எம்பிபிஎஸ் கேட்கிறது. 720பி-க்கு 15 போதும். டர்ன் முறை விளையாட்டில் படம் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் யாரும் சாகப்போவதில்லை, அதனால் கிளவுட் இதற்கு மற்ற விளையாட்டுகளைவிட நன்றாகவே பொருந்தும். அந்தச் சேவை நம் ஊரில் கிடைத்து, வீட்டில் ஃபைபர் இணைப்பும் இருந்து, பெட்டியைத் திறக்கவே முடியாத லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் வழி என்பேன். பையன் வீட்டில் நெட் என்றால் அம்மாவின் போன் ஹாட்ஸ்பாட். மணிக்குப் பல ஜிபி தின்னும் வேலை அதில் நடக்காது. கன்சோலிலும் இந்த விளையாட்டு உண்டு. இதற்காக ஒரு கன்சோல் வாங்குவது அவன் பட்ஜெட்டில் இல்லை, விட்டுவிட்டோம்.

பெட்டிக்கு ஒரு பைசாகூடச் செலவு செய்ய முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சிவிலைசேஷன் 6 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 1 ஜிபி மெமரியுள்ள ஒரு பழைய கார்டும். 2020 மே மாதம் எபிக் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஒரு வாரம் அதை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது கணக்கு தொடங்கியவர்கள் உள்ளே போய்ப் பாருங்கள், மறந்து கிடக்கலாம். சோழர்தான் வேண்டும் என்றால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபனிடிவ் எடிஷனுக்கு 2022-ல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்ற நாகரிகமும் ராஜேந்திரன் பெயரில் ஒரு போர்த்தொடரும் இருக்கின்றன. எச்டி 530-ஐவிடப் பழைய எச்டி 4000 கிராஃபிக்ஸே அதற்குப் போதும் என்கிறார்கள், அதாவது இந்தப் பெட்டியில் எதையும் மாற்றாமலே ஓடியிருக்கும். இரண்டையும் பையனிடம் சொன்னேன். "ஏழுதான் மாமா" என்றான். சரி.

பொருள்களை மாட்டியதும் கடைசியாக ஒரு பரீட்சை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய விளையாட்டை, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். டவுன்லோடு ஆகும் நேரம் இதில் சேராது. விளையாட்டைத் திறந்த பிறகு லோடிங்கில் காத்திருக்கும் நேரம் சேரும். பலர் இந்த இரண்டு மணி நேரத்தைத் தொடக்கக் கட்டத்தில் ஆடிப் பார்த்து, ஓடுகிறது என்று நம்பி வைத்துக்கொள்கிறார்கள். நான் முன்னால் சொன்ன காரணத்தால் அது ஏமாற்றம். ஏழாம் பதிப்பில் மூன்று யுகங்கள் உண்டு. இரண்டாவது யுகத்திலிருந்தே நேராகத் தொடங்கலாம். சோழர் வருவதும் அந்த யுகத்தில்தான். அங்கிருந்து, பெரிய வரைபடத்தில், எதிராளிகளை நிறைய வைத்துத் தொடங்குங்கள். மூடியைத் திறந்து வைத்து ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், ஒரு பக்கம் டாஸ்க் மேனேஜரில் ரேம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள், டர்னுக்கு டர்ன் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதுங்கள். ஒவ்வொரு டர்னும் தானாக சேவ் ஆகும்படி அமைப்பில் வைத்துவிடுங்கள். கரண்ட் போனால் ஒரு டர்னோடு நஷ்டம் முடியும்.

சாயங்காலம் கடையைப் பாதி மூடிவிட்டு உட்கார்ந்தோம். எல்லாம் லோ-வில் வைத்தான், படம் இழுக்கவில்லை. ரேம் 8-ஐத் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றது, ஒற்றைக் குச்சியாக இருந்திருந்தால் அங்கேயே மூச்சு முட்டியிருக்கும். நோட்டில் அவன் எழுதிய நொடிகள் மெதுவாகக் கூடிக்கொண்டுதான் போயின, ஆனால் எரிச்சல் வரும் அளவுக்குப் போகவில்லை. ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனதும் நான் மணியைக் காட்டி, "திருப்பிக் கொடுக்கறதுன்னா இப்பவே கொடுக்கணும்டா, என்ன சொல்ற?" என்று கேட்டேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அஞ்சுவண்ணம் முடிஞ்சிடுச்சு மாமா. மணிக்கிராமத்துக்கு இன்னும் மூணு டர்ன்தான் இருக்கு, இரு."